வாடல் நோய் பாக்டீரியாவில் ஓர் ஒழுங்குபடுத்தும் மரபணுவை ஆராய்வது எப்படி: நோய்வீரியமும் பிழைத்திருத்தலும் பற்றிய முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் நுண்ணுயிரியலிலோ தாவர நோயியலிலோ முதுகலை ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைகளுக்குத் தக்காளி அனுப்பும் வயல்களில் செடிகளைப் பச்சையாகவே வாடச் செய்யும் ரால்ஸ்டோனியா பாக்டீரியாவையும், அதன் பி.எச்.சி-ஏ என்ற மரபணுவையும் எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். வேறு தாவர நோய்க்கிருமியில் வேறு ஒழுங்குபடுத்தும் மரபணுவை ஆராய்பவர்களுக்கும் படிகளின் வரிசை பெரும்பாலும் இதுவே.

வரிசையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் நேராகச் செடியில் தொடங்குகிறார்கள். மரபணு நீக்கப்பட்ட பாக்டீரியாவை ஊற்றிய செடி வாடவில்லை என்றதும் "இந்த மரபணு நோய்வீரியத்தைக் கட்டுப்படுத்துகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தை எழுதும் உரிமை, செடிக்கு முன்னால் உள்ள படிகளை முடித்தவருக்கே உண்டு.

1. கேள்வியை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்

நோய்வீரியம் வேறு, பிழைத்திருத்தல் வேறு. முன்னது, செடிக்குள் புகுந்த பாக்டீரியா எவ்வளவு விரைவாகவும் கடுமையாகவும் நோயை உண்டாக்குகிறது என்பது. பின்னது, செடிக்குள்ளும் செடி இல்லாத காலத்தில் மண்ணிலும் நீரிலும் அது எவ்வளவு காலம் உயிருடன் தாக்குப்பிடிக்கிறது என்பது. ஒரே மரபணு இவ்விரண்டையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கக்கூடும் என்பதால், இரண்டையும் ஒரே சோதனையால் அளக்க முயல்வது தொடக்கத்திலேயே பிழையாகிவிடும்.

பி.எச்.சி-ஏ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இது லைஸ்-ஆர் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஒழுங்குபடுத்தும் புரதத்தை உருவாக்கும் மரபணு. பாக்டீரியா செல்கள் பி.எச்.சி-பி என்ற நொதியின் மூலம் ஒரு சமிக்ஞைப் பொருளை வெளியிடுகின்றன. சில வகைகளில் அது 3-ஹைட்ராக்ஸி பால்மிடிக் அமில மெத்தில் எஸ்டராகவும், வேறு சிலவற்றில் 3-ஹைட்ராக்ஸி மிரிஸ்டிக் அமில மெத்தில் எஸ்டராகவும் இருக்கிறது. செல்களின் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடியைத் தாண்டும்போது சமிக்ஞை போதிய அளவு சேர்கிறது, பி.எச்.சி-எஸ், பி.எச்.சி-ஆர் புரதங்கள் அதை உணர்ந்து பி.எச்.சி-ஏ செயல்பட வழிவிடுகின்றன.

செயல்படத் தொடங்கிய பி.எச்.சி-ஏ, செடியில் நீரைக் கடத்தும் சைலம் குழாய்களை அடைக்கும் வழவழப்பான புறச்செல் பாலிசாக்கரைடு தயாரிப்பையும், செல்லுலோஸைச் சிதைக்கும் நொதியையும் கூட்டுகிறது. அதே நேரத்தில் நீந்தும் திறன், இரும்பைக் கவரும் சிடரோஃபோர், செல்சுவரின் பெக்டினைச் சிதைக்கும் பாலிகேலக்டுரோனேஸ் நொதி ஆகியவற்றைக் குறைக்கிறது. ஆகவே எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது பாக்டீரியா தேடி நீந்தி வேரை அடையும் நிலையிலும், எண்ணிக்கை பெருகியபின் செடியை வாட்டும் நிலையிலும் இருக்கிறது. இந்த மாற்றத்தைச் செய்யும் விசைதான் (சுவிட்ச்) நீங்கள் ஆராயப்போவது.

விசையை எடுத்துவிட்டால் பாக்டீரியா முதல் நிலையிலேயே நின்றுவிடும். அது பல சர்க்கரைகளிலும் அமினோ அமிலங்களிலும் இயல்வகையைவிட (மரபணு மாறாத மூல பாக்டீரியாவைவிட) விரைவாகவே வளர்கிறது. ஆனால் செடியை வாட்டும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. வழவழப்பைத் தயாரிப்பதற்குச் செலவாகும் கார்பனும் ஆற்றலும் வளர்ச்சிக்குத் திரும்புவதே இதன் முக்கியக் காரணம். "வீரியம் இழந்தது, ஆகவே பலவீனமானது" என்ற ஊகத்தோடு ஆய்வைத் தொடங்குபவர் இந்த இடத்தில்தான் வழிதவறுகிறார்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. மரபணுவை நீக்குவதும் சேர்ப்பதும், சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் வெளியான 1989-ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டவை. உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் திட்டத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புதல் பெற்ற பின்னரே, மரபணு நீக்கத்துக்கான பிரைமர்களுக்கு (டி.என்.ஏ-வைப் பெருக்கத் தொடக்கமாகும் சிறு துண்டுகளுக்கு) பணம் கட்டுங்கள். குழு இல்லாத கல்லூரியாக இருந்தால், குழு உள்ள நிறுவனத்தோடு கூட்டாகச் செய்வதே வழி. ஒப்புதலுக்குக் காத்திருக்கும் காலத்தில் 3, 4-ஆம் படிகளை முடித்துவிடலாம். அவற்றில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை.

இரண்டாவது தண்ணீர். தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடும் கடினத்தன்மையும் மிகுதி என்பது ஊரறிந்த செய்தி. ஊடகம் தயாரிக்க, செல்களைக் கழுவ, கரைசலை நீர்க்க எல்லாவற்றுக்கும் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். கால்சியமும் மெக்னீசியமும் நாளுக்கு நாள் மாறும் நீரில் செய்த வளர்ச்சி வளைகோட்டை மறுமுறை பெற முடியாது.

மூன்றாவது வெப்பநிலை. பாக்டீரியாவுக்கு 28 டிகிரி செல்சியஸில் நிற்கும் இன்குபேட்டரும் ஷேக்கரும், செடிகளுக்கு அதே வெப்பநிலையைத் தக்கவைக்கும் மூடிய அறையும் வேண்டும். கோடையில் தருமபுரியின் நிழலற்ற கண்ணாடி வீட்டிலும், மார்கழியில் ஓசூரின் திறந்த நிழல்வலைக் கூடத்திலும் செய்த இரு சோதனைகளை ஒப்பிட முடியாது. வெயிலில் செடி நீரின்றியே தொங்கும். குளிரில் நோயே தள்ளிப்போகும்.

3. வயலிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தல்

வாடிய செடியெல்லாம் இந்த நோயால் வாடியதல்ல. பியூசேரியம் பூஞ்சையால் வாடும் செடியில் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். பாக்டீரியா வாடலில் இலைகள் பச்சை நிறம் மாறாமலே தொங்கிவிடும். வயல்காரரிடம் கேட்டு, முழுதும் காய்ந்த செடியை விட்டு, அன்றோ முந்தைய நாளோ தலைசாய்ந்த செடியைத் தெரிவு செய்யுங்கள். காய்ந்த தண்டில் அழுகலுண்ணிகள் பெருகி, தேடும் பாக்டீரியாவை மறைத்துவிடும்.

அடித்தண்டில் ஐந்து சென்டிமீட்டர் துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுனை நீரைத் தொடுமாறு அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற இழை கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல் என்று வயலிலேயே சொல்லிவிடலாம்.

அந்த நீரைக் கம்பி வளையத்தால் ஒரு முறை தொட்டெடுத்து டெட்ரசோலியம் ஊடகத்தில் கோடிட்டுப் பரப்புங்கள். லிட்டருக்குப் பெப்டோன் 10 கிராம், கேசமினோ அமிலம் 1 கிராம், குளுக்கோஸ் 5 கிராம், அகார் 17 கிராம் என்ற அளவில் தயாரித்து ஆட்டோகிளேவ் செய்து (உயர் அழுத்த நீராவியில் நுண்ணுயிர் நீக்கி), ஏறத்தாழ 55 டிகிரிக்கு ஆறிய பின்னர் 1 சதவீத டிரைஃபீனைல் டெட்ரசோலியம் குளோரைடு கரைசலில் 5 மில்லிலிட்டர் சேருங்கள். டெட்ரசோலியம் கரைசலை வெளிச்சம் படாமல் வையுங்கள். அது தானாகச் சிவந்திருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள். ஏனெனில் அடுத்த படி முழுவதும் இந்த நிறத்தைப் படிப்பதில்தான் இருக்கிறது.

28 டிகிரியில் 48 மணி நேரம் கழித்து, வீரியமுள்ள காலனி ஒழுங்கற்ற விளிம்போடு வழிந்தோடும் வெண்மையாகவும் நடுவில் இளஞ்சிவப்பாகவும் தெரியும். வீரியமிழந்த காலனி சிறியதாக, வட்டமாக, வெண்ணெய்ப் பதத்தில் அடர்சிவப்பாக இருக்கும். தனித்த காலனியை இரண்டாவது முறையும் கோடிட்டுத் தூய்மையாக்கிய பின்னரே அடையாளம் காணும் பி.சி.ஆர் (குறிப்பிட்ட டி.என்.ஏ பகுதியைப் பெருக்கும் சோதனை) செய்யுங்கள். 759, 760 என்ற பிரைமர் இணை ஏறத்தாழ 280 கார இணை நீளமுள்ள பட்டையைக் கொடுத்தால் ரால்ஸ்டோனியா சொலானசியாரம் கூட்டத்தைச் சேர்ந்தது என்று கொள்ளலாம். இந்தியத் தக்காளி வயல்களில் மிகுதியாகக் கிடைக்கும் முதலாம் ஃபைலோடைப்புக்கு (பரிணாம உறவுப்படி பிரித்த உட்பிரிவு), ஃபைலோடைப் பி.சி.ஆரில் 144 கார இணைப் பட்டை வரும். அந்த வகை 2014-க்குப் பிறகு ரால்ஸ்டோனியா சூடோசொலானசியாரம் என்ற தனிச் சிற்றினப் பெயரில் எழுதப்படுகிறது. ஆய்வேட்டில் பழைய பெயரையே எழுதி வைத்தால் தேர்வாளர் கேட்பார்.

4. மூல வளர்ப்பைச் சேமித்தல்

எனக்குத் தெரிந்தவரை அதிக ஆய்வேடுகள் சிக்கிக்கொள்வது இந்தப் படியில்தான். ஆனால் இதற்கு யாரும் அரைநாள் ஒதுக்குவதில்லை.

ரால்ஸ்டோனியா ஆய்வகத்தில் வளர வளரத் தானாகவே வீரியத்தை இழக்கும். அப்படி இழந்தவற்றில் பெரும்பங்கு, பி.எச்.சி-ஏ மரபணுவில் தானாக நேர்ந்த பிறழ்வால் வந்தவை. அதாவது நீங்கள் கவனமாக நீக்க நினைக்கும் மரபணுவை, கவனிக்காமல் விட்டால் பாக்டீரியாவே உடைத்துக்கொள்ளும். குலுக்காமல் மேசைமேல் விட்ட திரவ வளர்ப்பில் இது இன்னும் விரைவு: உயிர்வளி தீர்ந்துபோகும் குடுவையில், நன்றாக நீந்தும் பிறழ்வுகள் மேற்பரப்பை முதலில் அடைந்து பெருகிவிடுகின்றன.

இதன் விளைவு என்னவென்றால், "இயல்வகை" என்று பெயர் எழுதிய குப்பியில் பாதி இயல்வகையாக இராது. அதைக் கட்டுப்பாடாக வைத்து நடத்தும் ஒப்பீட்டில், பிறழ்வைப் பிறழ்வோடு ஒப்பிட்டு வேறுபாடு இல்லை என்ற முடிவுக்கு மாணவர் வருகிறார்.

ஆகவே தூய காலனி கிடைத்த அன்றே சேமியுங்கள். ஒரே காலனியிலிருந்து ஷேக்கரில் ஓர் இரவு வளர்த்து, 20 முதல் 25 சதவீதம் கிளிசராலோடு கலந்து, சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரி ஃபிரீசரில் வையுங்கள். ஒரு பெரிய குப்பியாக வைத்தால் ஒவ்வொரு முறை உருக்கி உறையவைப்பதிலும் செல்கள் சாகும்.

இரண்டாவது சேமிப்பும் வேண்டும். தூய்மிக்கப்பட்ட (நுண்ணுயிர் நீக்கிய) காய்ச்சி வடித்த நீரில் சில காலனிகளைக் கலக்கி, திருகுமூடிக் குப்பியில் அறை வெப்பநிலையில் வைத்தால் இந்த பாக்டீரியா ஆண்டுக்கணக்கில் பிழைத்திருக்கும். கேட்பவர்களுக்கு வியப்பாக இருந்தாலும், மின்தடையில் ஃபிரீசர் நின்றுபோன ஆய்வகங்களைக் காப்பாற்றியது இந்தக் குப்பிதான்.

செய்யக்கூடாதது, பிளேட்டை ஃபிரிட்ஜில் வைப்பது. மற்ற பாக்டீரியாக்களில் பழகிய கை இதைத் தானாகச் செய்துவிடும். நான்கு டிகிரியில் ரால்ஸ்டோனியா, உயிர் இருந்தும் ஊடகத்தில் காலனியாக வளர மறுக்கும் நிலைக்குப் போகிறது. வளர்ப்பு செத்துவிட்டது என்று கருதி, எஞ்சிய ஓரிரு காலனிகளிலிருந்து மீண்டும் தொடங்குவார்கள். அந்த ஓரிரண்டு எத்தகையவை என்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு சோதனைக்கும் சேமிப்பிலிருந்து புதிதாக டெட்ரசோலியம் பிளேட்டில் கோடிட்டு, வழிந்தோடும் வெண்காலனியைத் தெரிவு செய்து தொடங்குங்கள். பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மாற்றிக்கொண்டே போகாதீர்கள். அன்றைய பிளேட்டின் படத்தைத் தேதியோடு பதிவேட்டில் ஒட்டிவையுங்கள். பின்னால் ஒரு செடிச்சோதனை பொருந்தாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் படம்.

5. மரபணுவை நீக்குதல்

மரபணுவின் நடுவில் எதிருயிரி எதிர்ப்பு மரபணுத் துண்டைச் செருகுவதைவிட, படிப்புச் சட்டகம் (மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படும் ஒழுங்கு) கெடாமல் நீக்குவது நல்லது. செருகல், பின்னால் வரும் மரபணுக்களின் வெளிப்பாட்டையும் பாதிக்கலாம். அப்போது விளைவு எந்த மரபணுவால் வந்தது என்று சொல்ல இயலாது.

மரபணுவுக்கு முன்னும் பின்னும் தலா 800 முதல் 1000 கார இணை நீளமுள்ள துண்டுகளைப் பி.சி.ஆரால் பெருக்கி இணைத்து, ரால்ஸ்டோனியாவில் தனியாகப் பெருக முடியாததும், கனமைசின் எதிர்ப்பும் சாக்-பி மரபணுவும் கொண்டதுமான தற்கொலை பிளாஸ்மிடில் (வட்ட வடிவச் சிறு டி.என்.ஏ) சேருங்கள். முதலில் கனமைசினில் வளர்வனவற்றை எடுங்கள். அவற்றில் பிளாஸ்மிடு முழுதும் குரோமோசோமில் நுழைந்திருக்கும். பிறகு சுக்ரோஸ் ஊடகத்தில் பரப்பினால், பிளாஸ்மிடை வெளியேற்றியவை மட்டும் பிழைக்கும். சாக்-பி நொதி சுக்ரோஸிலிருந்து உண்டாக்கும் லெவான் மற்றவற்றைக் கொன்றுவிடும்.

இங்கே இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. சுக்ரோஸில் பிழைத்ததெல்லாம் பிளாஸ்மிடை வெளியேற்றியதாகக் கருதுவது முதலாவது. சாக்-பி மரபணுவே பிறழ்ந்தாலும் செல் பிழைக்கும். கனமைசினில் வளராமல் போவதையும் சேர்த்துச் சோதித்தால் இந்தப் போலிகள் விலகும்.

இரண்டாவது பிழை கண்ணால் வருவது. பிளாஸ்மிடை வெளியேற்றிய காலனிகளில் ஒரு பகுதி மீண்டும் இயல்வகையாகும், மறு பகுதியில் மரபணு நீங்கியிருக்கும். பெரிதாக, வளமாக வழிந்தோடும் காலனியையே கை தேடும், அது இயல்வகை. நீங்கள் தேடுவது வட்டமான சிறு சிவப்புக் காலனி. ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் உங்கள் பிறழ்வும் அல்ல, முந்தைய படியில் சொன்ன தானாக உடைந்தவையும் அதே தோற்றத்தில் இருக்கும். ஆகவே இணைத்த துண்டுகளுக்கு வெளியே பொருந்தும் பிரைமர்களால் பி.சி.ஆர் செய்யுங்கள். மரபணுவே ஏறத்தாழ ஆயிரம் கார இணை நீளம் என்பதால், நீக்கப்பட்டதில் பட்டை தெளிவாகக் குறுகித் தெரியும். அந்தப் பகுதியின் டி.என்.ஏ வரிசையை அறிந்து உறுதிசெய்து, தனித்தனியாகக் கிடைத்த இரண்டு பிறழ்வுகளையாவது சேமித்துக்கொள்ளுங்கள்.

6. மரபணுவைத் திருப்பிக் கொடுத்தல்

நீக்கும் வேலையில் குரோமோசோமின் வேறொரு மூலையில் பிறழ்வு நேர்ந்திருந்தால் அதை எப்படி அறிவது? மரபணுவைத் திருப்பிக் கொடுத்ததும் இழந்த பண்பு திரும்பி வருகிறதா என்று பார்ப்பதே விடை. இந்தப் படி இல்லாத ஆய்வேட்டை நான் ஏற்பதில்லை.

மரபணுவை அதன் சொந்த புரோமோட்டரோடு (மரபணுவை இயக்கும் முன்பகுதி), டி.என்-7 போன்ற நுழைப்புமுறையால் குரோமோசோமில் ஒரே நகலாகச் சேருங்கள். பிளாஸ்மிடில் பல நகல்களாகக் கொடுப்பது எளிது. ஆனால் எதிருயிரி இல்லாத செடிக்குள்ளும் மண்ணிலும் பிளாஸ்மிடு தொலைந்துபோகும். தவிர, செல் அடர்த்தியை அளந்து இயங்கும் விசையில் புரதத்தின் அளவைப் பெருக்கினால் விசை உரிய நேரத்துக்கு முன்பே விழக்கூடும்.

திருப்பிக் கொடுத்த பின்னர் காலனி மீண்டும் வழிந்தோட வேண்டும். ஓடவில்லை என்றால் செடிக்குப் போகாதீர்கள்; டி.என்.ஏ வரிசையைச் சரிபாருங்கள்.

7. செடிக்குப் போகுமுன் செய்ய வேண்டிய ஆய்வகச் சோதனைகள்

வளர்ச்சி முதலில். இயல்வகை, நீக்கியது, திருப்பிக் கொடுத்தது ஆகிய மூன்றையும் சத்து நிறைந்த ஊடகத்திலும், ஒரே கார்பன் மூலமுள்ள எளிய ஊடகத்திலும் வளர்த்து ஒப்பிடுங்கள். செடியில் வீரியம் குறைந்ததற்கு வளர்ச்சிக் குறைபாடு காரணம் என்ற ஐயத்தை விலக்க இது தேவை.

ஒளி அடர்த்தியை (வளர்ப்பின் கலங்கலை ஒளியால் அளக்கும் எண்ணை) மட்டும் நம்பாதீர்கள். 600 நானோமீட்டரில் 0.1 என்பது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ பத்துக் கோடி செல்கள் என்ற வழக்கமான கணக்கு இயல்வகைக்குப் பொருந்தலாம். வழவழப்பின் அளவும் செல்கள் ஒட்டித் திரளும் விதமும் மாறும்போது அதே ஒளி அடர்த்தி வேறு எண்ணிக்கையைக் குறிக்கும். ஒவ்வொரு வகைக்கும் நீர்த்துப் பரப்பி எண்ணி, தனிக் கணக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

செல்களைக் கழுவும்போதும் கவனம் வேண்டும். மையவிலக்கியில் சுற்றிய பிறகு நீக்கியது கெட்டியாக அடியில் படியும். இயல்வகையின் படிவு வழவழப்பால் தளர்ந்திருப்பதால், மேல்நீரைக் கவிழ்த்து ஊற்றினால் செல்களும் சேர்ந்து போய்விடும். பிப்பெட்டால் மெல்ல உறிஞ்சி எடுங்கள்.

அடுத்தது, பண்புகளை இரண்டு அடர்த்திகளில் அளப்பது. நீந்தும் திறனை 0.3 சதவீத அகாரிலும், செல்லுலேஸை கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் பிளேட்டில் காங்கோ சிவப்புச் சாயமிட்டும் பார்க்கலாம். வளர்ப்பு மில்லிலிட்டருக்கு ஒரு கோடிக்குக் கீழே இருக்கும்போதும் அதற்கு மிக மேலே இருக்கும்போதும் மாதிரி எடுங்கள். குறைந்த அடர்த்தியில் இயல்வகையும் நீக்கியதும் ஒன்றுபோல் நடந்துகொள்ள வேண்டும், மிகுந்த அடர்த்தியில் பிரிய வேண்டும். ஓரிரவு வளர்த்ததை மட்டும் அளப்பவர், விசை எப்போது விழுகிறது என்ற கேள்வியையே தொடாமல் விட்டுவிடுகிறார்.

8. செடியில் நோய்வீரியத்தை அளத்தல்

நாற்றுப்பண்ணையில் வாங்கிய நாற்றைப் பயன்படுத்தாதீர்கள். அதில் மருந்து நேர்த்தி இருக்கலாம், வாடலைத் தாங்கும் வீரிய ஒட்டாகவும் இருக்கலாம். அர்கா ரக்ஷக் போன்ற கலப்பினங்கள் பாக்டீரியா வாடல் உள்ளிட்ட நோய்களைத் தாங்குவதற்கென வெளியிடப்பட்டவை. பூசா ரூபி போன்று எளிதில் நோய்க்கு ஆட்படும் ரகத்தின் நேர்த்தி செய்யாத விதையை நீங்களே விதைத்து, மூன்று வாரச் செடியாக்குங்கள். தாங்கும் ரகமொன்றையும் ஒப்பீட்டுக்கு வைக்கலாம்.

இரண்டு வழிகளில் தொற்றச் செய்யுங்கள், ஏனெனில் அவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். மண்ணில் ஊற்றும் முறையில் பாக்டீரியா வேரைத் தேடி நுழைய வேண்டும்: 100 கிராம் மண்ணுள்ள தொட்டிக்கு மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி செல்கள் கொண்ட கரைசலை 50 மில்லிலிட்டர் ஊற்றினால் கிராம் மண்ணுக்கு ஐந்து கோடி ஆகிறது. வேரைக் கத்தியால் கீறாதீர்கள். கீறினால் நுழைவுப் படியை நீங்களே செய்துகொடுத்ததாகிவிடும்.

இலைக்காம்பு முறையில் நுழைவு தேவையில்லை. காம்பை வெட்டி, மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல்கள் உள்ள கரைசலில் 2 மைக்ரோலிட்டர் வைத்தால், ஏறத்தாழ 2000 செல்கள் நேராகச் சைலத்தைத் தொடுகின்றன. மண் முறையில் தோற்று, காம்பு முறையில் வெல்லும் பிறழ்வுக்கு நுழைவில்தான் குறை. இரண்டிலும் தோற்பதற்குச் செடிக்குள் பெருகுவதிலோ பரவுவதிலோ வாட்டுவதிலோ குறை.

28 டிகிரியில் வைத்து, 14 நாள் தினமும் ஒரே நேரத்தில் மதிப்பிடுங்கள். வாடாததற்கு 0, கால் பங்கு இலைகள் வரை வாடியதற்கு 1, பாதி வரை 2, முக்கால் வரை 3, அதற்கு மேல் 4. எந்தத் தொட்டியில் எது என்பதை மதிப்பிடுபவர் அறியாமல் இருக்கட்டும். பக்கத்து ஆய்வகத் தோழரைக் கேட்டால் மறுக்கமாட்டார். நண்பகலில் மதிப்பிடாதீர்கள், நலமான தக்காளியும் அந்நேரம் சற்றுத் துவளும்.

வாடலை மட்டும் எண்ணி நிறுத்திவிடாமல், சில செடிகளின் நடுத்தண்டில் 100 மில்லிகிராம் வெட்டி அரைத்து, நீர்த்துப் பரப்பி எண்ணுங்கள். வாடாத செடியில் பாக்டீரியா இல்லாமலும் இருக்கலாம். நிறைய இருந்தும் செடி நலமாக இருக்கலாம். முதலாவது, செடிக்குள் பிழைத்திருக்க முடியாததைக் காட்டுகிறது. இரண்டாவது, பிழைத்திருந்தும் நோயை உண்டாக்க முடியாததைக் காட்டுகிறது. முதல் படியில் பிரித்த கேள்வி இந்த எண்ணில்தான் விடை பெறுகிறது.

இயல்வகையையும் நீக்கியதையும் சம அளவில் கலந்து ஒரே செடியில் இடும் போட்டிச் சோதனையைப் பலரும் விரும்புகிறார்கள். ஒழுங்குபடுத்தும் மரபணுவில் இதற்கு ஒரு பொறி உண்டு: இயல்வகை தயாரித்த வழவழப்பும் நொதிகளும் பொதுச்சொத்தாகி, எதையும் தயாரிக்காத பிறழ்வையும் வளர்க்கும். விருந்துவீட்டில் அழையாமல் பந்தியில் அமர்ந்தவரைப்போல் அது பெருகுவதைப் பார்த்து, இந்த மரபணு தேவையற்றது என்று எழுதிவிடக் கூடாது. தனித்தனித் தொற்று முடிந்த பின்னரே கலப்புத் தொற்றுக்குப் போங்கள்.

9. மண்ணிலும் நீரிலும் பிழைத்திருத்தலை அளத்தல்

தக்காளி பயிரிட்ட வயலின் செம்மண்ணை எடுத்துச் சலித்து இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கை இரு நாள் இடைவெளியில் இருமுறை ஆட்டோகிளேவ் செய்யுங்கள், மறு பங்கை அப்படியே விடுங்கள். தூய்மித்த மண்ணில் தெரியும் வேறுபாடு பட்டினியையும் வறட்சியையும் தாங்குவதைப் பற்றியது. இயற்கை மண்ணில் அதோடு மற்ற நுண்ணுயிர்களின் போட்டியும் சேரும். ஒன்றை மட்டும் செய்தால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரியாது.

மூன்று வகைகளுக்கும் ஒரே எதிருயிரி எதிர்ப்பு அடையாளம் இருக்க வேண்டும், இல்லையெனில் இயற்கை மண்ணிலுள்ள ஆயிரம் காலனிகளுக்குள் உங்களுடையதைத் தேட முடியாது. ரால்ஸ்டோனியாவுக்கென உள்ள, மற்ற நுண்ணுயிர்களைப் பெரும்பாலும் தடுக்கும் அரைத்தெரிவு ஊடகத்தோடு அந்த எதிருயிரியையும் சேர்த்துப் பரப்புங்கள். ஊற்றிய அன்றும், பிறகு 1, 3, 7, 14, 28-ஆம் நாள்களிலும் எண்ணுங்கள். ஊற்றிய அன்றைய எண்ணிக்கையைத் தவறவிட்டவர்கள், மண்ணில் ஒட்டிக்கொண்டு பிரியாத செல்களை இறந்தவையாகக் கணக்கிட்டுவிடுகிறார்கள்.

மண்ணின் ஈரத்தை எடை பார்த்துத் தினமும் ஈடுசெய்யுங்கள். முடிவுகளை உலர் எடைக்கு மாற்றி எழுதுங்கள். செம்மண் விரைவாகக் காய்வதால் ஈர எடைக்கு எழுதிய எண்கள் வாரத்துக்கு வாரம் தாமாகவே உயரும்.

நீருக்கு, தூய்மித்த நீரில் செல்களை இட்டு 28 டிகிரியிலும் 4 டிகிரியிலும் வையுங்கள். குளிரில் காலனி எண்ணிக்கை பூச்சியமானால் அது மரணம்தானா என்று சோதிக்காமல் எழுதாதீர்கள். ஊடகத்தில் கேட்டலேஸ் அல்லது சோடியம் பைருவேட் சேர்த்தால், வளர மறுத்த செல்களில் ஒரு பகுதி காலனியாகும். உயிருள்ளதையும் இறந்ததையும் வெவ்வேறு நிறத்தில் காட்டும் சாயமும் உதவும். மரபணு நீக்கப்பட்டது விரைவில் இறக்கிறதா, விரைவில் உறக்கநிலைக்குப் போகிறதா என்பவை இரு வேறு முடிவுகள்.

10. எண்களைப் படித்தல்

ஒரே வளர்ப்பிலிருந்து ஊற்றிய நாற்பது செடிகள் நாற்பது சோதனைகள் ஆகா. வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு காலனியிலிருந்து தொடங்கிய மூன்று சோதனைகளாவது வேண்டும். பாக்டீரியா எண்ணிக்கையை மடக்கைக்கு மாற்றிய பின்னர் ஒப்பிடுங்கள். வாடலுக்கு, செடிகள் எந்நாளில் முழுதும் வாடின என்பதை வாழ்வுக்கால வளைகோடாக வரைவதும் நோய் முன்னேற்ற வளைகோட்டின் கீழ்ப் பரப்பைக் கணக்கிடுவதும் போதும்.

வாசகத்தை எழுதும்போது எது அளக்கப்பட்டதோ அதை மட்டும் சொல்லுங்கள். "பி.எச்.சி-ஏ நீக்கப்பட்டது எளிய ஊடகத்தில் இயல்வகையைவிட விரைவாக வளர்ந்தது, இலைக்காம்பு வழியாக இட்டபோதும் செடியை வாட்டவில்லை, மரபணுவைத் திருப்பிக் கொடுத்ததும் இரு பண்புகளும் இயல்வகைக்குத் திரும்பின" என்று எழுதினால், வளர்ச்சிக் குறைபாடு, நுழைவுக் குறைபாடு, வேறிடத்துப் பிறழ்வு என்ற மூன்று மறுப்புகளுக்கும் அந்த ஒரே வாக்கியத்தில் பதில் இருக்கிறது.

11. தொட்டிகளையும் மண்ணையும் அழித்தல்

இந்தப் படியைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் திட்டத்திலேயே நாள் ஒதுக்குங்கள். ரால்ஸ்டோனியா 200-க்கும் மேற்பட்ட தாவரச் சிற்றினங்களைத் தாக்கும். இந்த இரு மாவட்டங்களில் விளையும் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் அதில் அடங்கும். பாசன நீரோடு அது வயல்விட்டு வயல் போகும் என்பதால், தொட்டியின் அடியில் வடிந்த நீரைக் கழிவுநீர்த் தொட்டியில்கூட நேராக ஊற்றக் கூடாது. தட்டில் சேர்த்து ஆட்டோகிளேவ் செய்யுங்கள்.

மண்ணை மெல்லிய அடுக்காகப் பைகளில் நிரப்பி 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். முழுப் பையாகக் கட்டினால் நடுவில் வெப்பம் எட்டாது. ஆறிய மண்ணில் சிறிது எடுத்து டெட்ரசோலியம் பிளேட்டில் பரப்பி, 48 மணி நேரத்தில் ஒன்றும் வளரவில்லை என்பதைப் பதிவேட்டில் எழுதிய பிறகே வெளியே கொட்டுங்கள். தட்டுகள், கத்திகள், மேசை எல்லாவற்றையும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைத்து, உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்குத் தர வேண்டிய முடிவறிக்கையில் அழித்த தேதியையும் முறையையும் குறிப்பிடுங்கள்.